ஐபேடுக்கு எதிராக ஒரு புது டேப்ளட்: பிள்ளையார்பாளையத்தில் ஒரு சோதனை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்கள் சில மாதங்கள் கழித்து என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டேப்ளட் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். ஐபேடுக்கு நிகரானது பாதி விலையில் கிடைக்கிறதாமே, உண்மையா?" இதற்கு ஒரே வரியில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் தருவது சிரமம். யாருக்கு, எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டியதிருக்கிறது.

டேப்ளட் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கீபோர்டும் மவுஸும் இல்லாமல், திரையை விரலால் தொட்டே இயக்கும் பலகை போன்ற கம்ப்யூட்டர் இது. மொபைல் போனைவிடப் பெரியது, லேப்டாப்பைவிட எடை குறைந்தது. இந்த வகைச் சாதனங்கள் முன்பே வந்து போயிருந்தாலும், 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் 499 டாலர் விலையில் ஐபேடை விற்பனைக்குக் கொண்டு வந்த பின்னர்தான் மக்கள் இதை வாங்கத் தொடங்கினார்கள். இந்தியாவிற்கு 2011 ஜனவரியில் வந்தபோது ஆரம்ப விலை 27,900 ரூபாய். அன்று தொடங்கி, எந்தப் புது டேப்ளட் வந்தாலும் "இது ஐபேடை வீழ்த்துமா?" என்றுதான் பேச்சு ஆரம்பமாகிறது.

முதலில் நம் நாட்டுக் கதையைப் பார்த்துவிடலாம். 2010 ஜூலையில் மத்திய அமைச்சராக இருந்த கபில் சிபல், 35 டாலரில் மாணவர்களுக்கு ஒரு டேப்ளட் என்று மாதிரி ஒன்றைக் காட்டினார். 2011 அக்டோபர் 5 அன்று அது 'ஆகாஷ்' என்ற பெயரில் அறிமுகமானது. தயாரித்துத் தந்தது டேட்டாவிண்ட் நிறுவனம். அரசுக்குச் சுமார் 2,250 ரூபாய்க்குக் கிடைத்தது. ஐபேடின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

ஆனால் உள்ளே என்ன இருந்தது? 366 மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பிராசசர், 256 எம்.பி. ராம், 7 அங்குலத் திரை. அந்தத் திரை ரெசிஸ்டிவ் வகை. அதாவது மெல்லத் தொட்டால் போதாது, அழுத்தினால்தான் வேலை செய்யும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆண்ட்ராய்ட் 2.2. அந்தப் பதிப்பில் தமிழ் எழுத்துரு சேர்க்கப்படவில்லை. தமிழ் இணையதளம் ஒன்றைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கூகுளின் ஆண்ட்ராய்ட் மார்க்கெட்டும் அதில் கிடையாது. தமிழ்நாட்டு மாணவனுக்கு என்று யோசித்துப் பாருங்கள். பாட நூலைத் தமிழில் படிக்க முடியாது, வேண்டிய புரோகிராமை இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. விலை குறைவு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2012 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2 எவ்வளவோ மேல். ஒரு கிகா ஹெர்ட்ஸ் பிராசசர், 512 எம்.பி. ராம், மெல்லத் தொட்டாலே இயங்கும் திரை, ஆண்ட்ராய்ட் 4.0. மாணவர்களுக்கு மானிய விலை 1,130 ரூபாய். முதலில் வந்திருக்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். அதற்குள் ஆகாஷ் என்ற பெயரே கேலிக்குரியதாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், டேட்டாவிண்ட் பின்னர் மிக மலிவான டேப்ளட்களை விற்று, 2015, 2016 ஆண்டுகளில் சில காலாண்டுகளில் இந்தியாவில் எண்ணிக்கை அளவில் முதல் இடத்தையே பிடித்தது. அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே நிதிச் சிக்கலில் விழுந்தது. வாங்கியவர்களுக்கு அப்டேட் தருவதற்கு ஆள் வேண்டுமே?

விலைதான் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். பணக்கார நிறுவனங்களும் விழுந்திருக்கின்றன. ஹெச்.பி. நிறுவனம் 2011 ஜூலை 1 அன்று 'டச்பேட்' என்ற டேப்ளட்டை ஐபேடின் அதே 499 டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று, அதாவது ஏழே வாரத்தில், தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. வெப் ஓ.எஸ். என்ற அதன் சிஸ்டம் நன்றாகவே இருந்தது. அதில் இயங்கும் புரோகிராம்கள்தான் போதிய அளவில் இல்லை. கையிருப்பைத் தள்ளிவிட 99 டாலர் என்று விலையைக் குறைத்ததும் கடைகளில் கூட்டம் அலைமோதியது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலிடத்தில் இருப்பவர் விழுவதும் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006ல் உற்பத்தியைத் தொடங்கியபோது மொபைல் என்றாலே நோக்கியாதான். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. வரி வழக்கும் ஒரு காரணம் என்றாலும், ஐபோனும் ஆண்ட்ராய்டும் நோக்கியாவின் சந்தையைப் பறித்துக்கொண்டதுதான் பெரிய காரணம். 2019 முதல் அதே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் பாக்ஸ்கான் நிறுவனம் ஐபோன்களை இணைத்துத் தருகிறது. ஆகவே ஐபேடை யாராலும் அசைக்க முடியாது என்று சொல்ல நான் தயாராக இல்லை.

பட்டுத் தறி வீட்டில் டேப்ளட்

நான் பட்டுச் சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஜக்கார்டு அட்டைகளுக்குத் தயார் செய்து தரும் வேலையில் இருப்பவன். (அந்தத் துளை அட்டைகளுக்கும் உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு. 1804ல் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய தறியின் அட்டைகளைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணிப்பு இயந்திரத்திற்கும் அட்டையைத் திட்டமிட்டார்.) பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் டேப்ளட் வாங்க 25 ஆயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகளுக்குப் பாடம், தனக்குச் சேலைப் படங்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வேலை. "ஏன் தம்பி, ஐபேடுக்கு இன்னும் பத்தாயிரம் கடன் வாங்கலாமா, இல்லை இதிலேயே ஏதாவது புதுசு பார்க்கலாமா?" என்று கேட்டார். கடன் என்றதும் நான் கொஞ்சம் கவனமானேன். என்னுடைய ஐபேடையும், 20 ஆயிரம் ரூபாய் அளவிலான புது ஆண்ட்ராய்ட் டேப்ளட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அந்த டேப்ளட்டின் பெயரைச் சொன்னால் விளம்பரம் போலாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

முதல் சோதனை நிறம். தறியில் அப்போது அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையும் வைத்து ஒரு கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. அதை அவருடைய போனில் படம் எடுத்து, இரண்டு திரைகளிலும் காட்டிச் சேலையின் பக்கத்திலேயே வைத்தோம். ஆண்ட்ராய்ட் டேப்ளட்டில் அரக்கு மிளகாய்ச் சிவப்பாகப் பளபளத்தது. "இந்தக் கலரை நம்பி ஆர்டர் தந்துட்டு, சேலை போனதும் திருப்பி அனுப்புவாங்க தம்பி" என்றார் அவர். கணவனும் மனைவியுமாகப் பல நாள் உட்கார்ந்து நெய்த ஒரு சேலை திரும்பி வந்தால் அந்த மாதக் கணக்கே உதைக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸ் பிரிவில் டிஸ்பிளே என்பதைத் திறந்து, நிற அமைப்பு 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' என்று மாற்றுங்கள். கண் பாதுகாப்பு என்ற பெயரில் திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அதனையும் அணைத்துவிடுங்கள். ஐபேடிலும் அறை வெளிச்சத்திற்கு ஏற்ப நிறத்தை மாற்றும் 'ட்ரூ டோன்' என்ற வசதி உண்டு. அதனையும் அணைத்தேன். இதன் பிறகு பார்த்தால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஐபேட் இன்னும் ஒரு படி மேல்தான். ஜரிகையின் மினுமினுப்பு அதில் சரியாகத் தெரிந்தது. ஆனால் வாங்குபவர் அந்தப் படத்தைத் தன்னுடைய போனில்தானே பார்க்கப் போகிறார்? அவர் போன் எந்த அமைப்பில் இருக்கிறதோ! டியூப்லைட்டில் எடுக்காமல் திண்ணை வெளிச்சத்தில் எடுத்தபோது கிடைத்த முன்னேற்றம், திரையை மாற்றியதில் கிடைத்ததைவிட அதிகம்.

அடுத்து வாட்ஸ்அப். காஞ்சிபுரத்தில் பல நெசவாளர்களின் கடை வாசல் இன்று அதுதான். ஐபேடுக்கென்று வாட்ஸ்அப் வந்தது 2025 மே மாதத்தில்! ஐபேட் பிறந்து 15 ஆண்டுகள் கழித்து. ஆண்ட்ராய்ட் டேப்ளட்களுக்கு 2023லேயே வந்துவிட்டது. இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். கணக்குப் போடும் கால்குலேட்டரை ஆப்பிள் ஐபேடில் சேர்த்தது 2024ல்தான். தலைவன் என்பதால் எல்லாம் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

விலைக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் முதலில் சொல்வதில்லை. 2025 மார்ச்சில் வந்த ஐபேடின் ஆரம்ப விலை 34,900 ரூபாய். இது வை-பி மட்டும் உள்ளது. மொபைல் நெட்வொர்க் இணைப்புடன் வேண்டும் என்றால் 49,900. மெமரி கார்டு போட இடமில்லை. அதற்கு ஆப்பிள் தரும் கீபோர்டு உறையின் விலை 24,900 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு டேப்ளட்டே வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்பிளஸ் பேட் கோ 2023ல் வந்தபோது 19,999 ரூபாய், சிம் போடும் மாடல் 21,999 ரூபாய். அதே ஆண்டில் வந்த ஷாவ்மி பேட் 6 மாடலின் ஆரம்ப விலை 26,999 ரூபாய். இவையெல்லாம் ஆகாஷ் போன்றவை அல்ல. படம் பார்க்க, பாடம் படிக்க, பி.டி.எப். பைல்களைத் திறக்கத் தயக்கமில்லாமல் இயங்குகின்றன. தமிழ் டைப் செய்வதும் இரண்டிலும் பிரச்சினையில்லை. ஐபேடில் தமிழ் 99 கீபோர்டு 2013 முதலே உள்ளது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜி-போர்ட் போதும். வாயால் சொல்லித் தமிழில் டைப் செய்ய அந்தப் பெண் முயன்று பார்த்தாள், 'கோர்வை' என்ற சொல்லைத் தவிர எல்லாம் ஒழுங்காக வந்தது.

பிறகு எதில் ஐபேட் உண்மையிலேயே முன்னால் நிற்கிறது? ஆயுளில். 2014ல் வந்த ஐபேட் ஏர் 2, அன்று ஐ.ஓ.எஸ். 8 சிஸ்டத்துடன் வந்து, 2021ல் வெளியான 15ஆம் பதிப்பு வரை பெற்றது. 2018ல் வந்த விலை குறைந்த ஐபேட், 2023ல் வெளியான 17ஆம் பதிப்பு வரை பெற்றது. (முதல் ஐபேட் மட்டும் பாவம், 2012க்குப் பின் எதுவும் பெறவில்லை.) அப்டேட் நின்றால் டேப்ளட் உடனே நின்றுவிடாது. ஆனால் பேங்க், பணம் அனுப்பும் புரோகிராம்கள் ஒவ்வொன்றாக இயங்க மறுக்கும். ஆண்ட்ராய்டில் இது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். சாம்சங் 2023ல் வெளியிட்ட டேப் எஸ்9 வரிசைக்கு நான்கு சிஸ்டம் பதிப்புகள், ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று உறுதி தந்தது. 2024ன் எஸ்10 வரிசைக்கு ஏழு பதிப்புகள். ஆனால் இவை விலை கூடிய மாடல்கள். மலிவான மாடல்களில் இந்த உறுதி குறைவாக இருக்கும், சிலவற்றில் எழுத்தில் இருக்கவே இருக்காது. கடையில் ராம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். எந்த ஆண்டு வரை அப்டேட் வரும்?

வரைவதிலும் ஐபேடை விட்டுத் தர எனக்கு மனமில்லை. முந்தானையில் வரும் யானை, யாளி, அன்னம், மயில் இவற்றின் முதல் கோட்டை நான் ஐபேடில் பென்சில் கொண்டுதான் போடுகிறேன். அதில் உள்ள புரோகிரியேட் என்ற புரோகிராம் ஆண்ட்ராய்டில் கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த இழை மேலே எழ வேண்டும் என்று அட்டைக்கு மாற்றும் வேலைக்கு விண்டோஸ் கம்ப்யூட்டரிடம்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. நான் பயன்படுத்தும் ஜக்கார்டு டிசைன் புரோகிராம் எந்த டேப்ளட்டிலும் இயங்காது. இதனால்தான், டேப்ளட் வாங்குவதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் என்ன முடிவானது? கடன் வாங்கவில்லை. சிம் போடக்கூடிய ஆண்ட்ராய்ட் டேப்ளட் ஒன்றை, நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உறுதி உள்ளதாகப் பார்த்து, கைவசம் இருந்த பணத்திற்குள்ளேயே வாங்கினார்கள். அந்த வீட்டில், அந்த வேலைகளுக்கு, புது டேப்ளட் ஐபேடுக்கு ஈடுகொடுக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். அதே பணத்தோடு ஒரு டிசைனர் வந்து கேட்டால், இன்னும் சில மாதம் சேர்த்து வைத்து ஐபேட் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைந்தால் எங்கே சரி செய்வார்கள்? என் உறவினர் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் டேப்ளட்டை வாங்கி, கண்ணாடி மாற்றச் சென்னைக்கு அனுப்பிவிட்டு 40 நாள் காத்திருந்தார். அருகில் சர்வீஸ் சென்டர் உண்டா, கண்ணாடிக்கு என்ன விலை என்பதைப் பில் போடும் முன்பே விசாரியுங்கள். வீட்டில் உள்ள போனின் சார்ஜரே டேப்ளட்டுக்கும் பொருந்துமா என்பதையும் பாருங்கள். ஐபேடில் விலை குறைந்த மாடலுக்கு யு.எஸ்.பி.-சி வந்தது 2022ல். அதற்கு முந்தைய பழைய ஐபேடை யாராவது மலிவாகத் தந்தால், அதன் கேபிளையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.