பாண்டி விமானமும் பைலட்டின் பாண்டும்

இண்டிகோ விமான நிறுவனத்துக்குக் கொடுத்த சலுகைக்குக் கெடு 2026 பிப்ரவரி 10. அதற்கு முந்தைய டிசம்பரில் நடந்த கூத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை. 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தானதையும், பெட்டிகள் மலைபோலக் குவிந்து கிடந்ததையும் டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். பைலட்டுகளுக்கு வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகிறது, வாரத்தில் ஆறு முறை இரவில் தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைகிறது என்று 2024 ஜனவரியிலேயே சொல்லியாகிவிட்டது. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 1. இவ்வளவு அவகாசம் இருந்தும் நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனத்திடம் போதிய பைலட் இருக்கவில்லை. டிஜிசிஏ எனும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இரவு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. இதற்கு அரசு வைத்த பெயர் ‘பயணிகள் நலன்’.

அதிலிருந்து காரைக்கால் வாசகர்களின் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பாதிப் பேர் கேட்பது, “பாண்டியிலிருந்து போகும் பெங்களூரு விமானம் நின்றுவிடுமா?” மீதிப் பேர், “நமக்குச் சொன்ன ஏர்போர்ட் என்னாச்சு?” கோட்டுச்சேரியிலிருந்து ஒருவர் மட்டும் ஒற்றை வரியில் எழுதியிருந்தார்: “பைலட் இல்லையென்றால் வேலைக்கு எடுக்க வேண்டியதுதானே?”

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். முதலில் மற்ற இரண்டையும் முடித்துவிடுகிறேன்.

இண்டிகோவுக்குக் கிடைத்த சலுகை ஏர்பஸ் 320 ரக விமானங்களுக்கானது. பாண்டி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் ஏர்பஸ் இறங்காது, ஓடுபாதை 1,500 மீட்டர்தான். நீட்டலாம் என்றால் பக்கத்து நிலம் தமிழ்நாட்டுக்குச் சொந்தம். அதனால் அங்கே வந்துபோவது இறக்கையில் விசிறி சுற்றும் ஏடிஆர். ஆகவே அந்தப் பிப்ரவரி 10ஆம் தேதிக்கும் பாண்டி விமானத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. மறைமுகத் தொடர்பு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

காரைக்கால் விமான நிலையத்துக்கு 2011இல் ‘கொள்கையளவு ஒப்புதல்’ கிடைத்தது. நிலத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை நீங்களே திரட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம் என்பதை அரசு மொழியில் இப்படிச் சொல்வார்கள். ஒப்புதல் பெற்ற புதிய விமான நிலையங்களின் பட்டியலை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வாசிக்கும்போதெல்லாம் காரைக்கால் பெயரும் வரும். அதே பட்டியலில் இருந்த கண்ணூரிலும் ஷீரடியிலும் விமானம் இறங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் ஓடுபாதை போட்டால் விமானம் வந்துவிடும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். நெய்வேலியில் ஓடுபாதை உண்டு. 1980களில் வாயுதூத் நிறுவனத்தின் விமானம் அங்கே வந்துபோனது. 2017இல், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே பட்டியலில் இடமும் கிடைத்தது. அந்தச் சுற்றில் கொடுத்த 128 வழித்தடங்களில் 50 ஏர் ஒடிசாவுக்கு, 34 ஏர் டெக்கானுக்கு. இரண்டின் பெரும்பாலான ஒப்பந்தங்களும் அடுத்த ஆண்டு நவம்பரிலேயே ரத்தாயின.

இப்போது கோட்டுச்சேரிக்காரரின் கேள்விக்கு வருவோம்.

ஒரு ஏடிஆர் விமானம் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் பறக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 3,650 மணி. ஒரு பைலட் வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. அதாவது கேப்டனும் துணை பைலட்டுமாக நான்கு ஜோடி இருந்தால்தான் கணக்கே நேராகும். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி, வார ஓய்வு எல்லாம் சேர்த்தால் ஐந்தாறு ஜோடி. குட்டிப் பயணங்களில் இன்னொரு சிக்கல்: ஒரே நாளில் தரையிறக்கங்கள் கூடக் கூட, அனுமதிக்கப்பட்ட வேலை நேரம் சுருங்கும். சென்னை–டெல்லி பைலட் இரண்டு முறை இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது. ஏடிஆர் பைலட் நான்கு முறை, ஆறு முறை இறங்கியாக வேண்டும்.

புதுப் பையனை எடுத்துப் பழக்கலாம், எடுக்கிறார்கள். 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கியவன் துணை பைலட்டாகச் சேர்கிறான். கேப்டன் ஆக 1,500 மணி நேரம் வேண்டும். வருடத்துக்கு எழுநூறு, எண்ணூறு மணி பறந்தால் இரண்டு வருடத்தில் அந்த எண்ணைத் தொட்டுவிடுவான். தொட்ட மறுநாளிலிருந்து அவன்மீது பெரிய நிறுவனத்தின் கண் விழும். அங்கே ஏர்பஸ், கூடுதல் சம்பளம், வெளிநாட்டு வேலைக்கும் வழி. சிறிய நிறுவனம் செலவழித்துப் பழக்கியவன் பெரிய நிறுவனத்துக்குப் போகிறான். இதைத் தடுக்கத்தான் பாண்டு.

நெடுங்காட்டில் ஒரு வாசகர் தன் மகனின் பாண்டுப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். நிறுவனத்தின் பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். முத்திரைத் தாளில் தொடங்கிப் பதினோரு பக்கம். பயிற்சிக்கு ஈடாக நான்கு ஆண்டு வேறெங்கும் போக மாட்டேன், போனால் இத்தனை லட்சம் கட்டுவேன். ஜாமீன்: அப்பா. கூடவே தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட மூன்று காசோலைகள். “மக கல்யாணத்துக்குக் கடன் வாங்கினப்பகூட இவ்வளவு கையெழுத்துப் போடல தம்பி” என்றார்.

அந்தத் தொகையை யாரும் கட்டக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிதாக வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். விஷயம் வேறு. பெரிய நிறுவனம் அதைத் தானே கட்டி ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். காரைக்கால்மேட்டு மீனவர்களுக்கு இது புதிதல்ல. விசைப்படகில் ஏறும் ஆளுக்கு முதலாளி முன்பணம் கொடுப்பார். கடன் தீரும்வரை அவர் வேறு படகு ஏற முடியாது. நல்ல கைக்காரரை இன்னொரு முதலாளி விரும்பினால் பழைய முன்பணத்தைக் கட்டி அழைத்துக்கொள்வார். பூட்டாக வைத்தது இப்படித்தான் விலைச்சீட்டு ஆகிறது. சிறிய நிறுவனத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். பணத்தை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைக்க முடியுமா?

பாண்டு செல்லுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு முடியுமுன் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை நியாயமானதா என்பது வழக்குக்கு வழக்கு மாறும்.

பாண்டாவது இருவர் போட்ட ஒப்பந்தம். அதற்கு மேல் அரசே போட்ட பூட்டு ஒன்று உண்டு. இந்தியாவில் ஒரு பைலட் ராஜினாமா கொடுத்தால் மறுமாதம் போய்விட முடியாது. முதலில் ஆறு மாத நோட்டீஸ் என்று விதித்தார்கள். 2017 ஆகஸ்டில் துணை பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்குப் பன்னிரண்டு மாதம் என்று ஆக்கினார்கள். காரணம், ‘பொதுநலன்’. திடீரென்று பைலட் விலகினால் பயணிகள் தவிப்பார்களாம். நிறுவனம் மனமிரங்கி என்.ஓ.சி. கொடுத்தால் முன்னதாகப் போகலாம்.

சிறிய நிறுவனத்துக்கு இது நல்லதுதானே என்று தோன்றும். ஒரு கேப்டன் விலகினால் பதிலுக்கு ஒருவரை வெளியிலிருந்து எடுக்க வேண்டும். அவரும் இன்னொரு இடத்தில் பன்னிரண்டு மாதம் நோட்டீஸில் இருப்பார். போகிறவரை நிறுத்திவைக்கப் போட்ட பூட்டு வருகிறவரையும் வாசலில் நிற்க வைக்கிறது. நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய நிறுவனம் அடுத்த ஆண்டுக்கான வரிசையை இன்றே தொடங்கிவிடும். நான்கு விமானம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. எனக்கு உறுத்துவது இன்னொன்று. 2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் 80 பைலட்டுகளைச் சம்பளமில்லாமல் மூன்று மாத விடுப்பில் அனுப்பியது. நிறுவனம் கைகழுவ ஒரு நாள் போதும், பைலட் விலக ஒரு வருடம். இதில் எந்தப் பக்கத்துப் பொதுநலன் இருக்கிறது என்று தெரியவில்லை.

பூட்டாவது பூட்டுகிறதா என்றால் அதுவும் இல்லை. 2023இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலம் முடிக்காமல் கிளம்பினார்கள். விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. நோட்டீஸ் விதியை எழுதிய டிஜிசிஏ, பைலட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வேலை ஒப்பந்தத்தில் தலையிட எங்களுக்கு அதிகாரமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. விதியை மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கலாமே என்று நீதிமன்றம்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இதோடு உடான் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று விளம்பரம் செய்த திட்டம் அது. பாதி இருக்கைகளுக்குத்தான் அந்த விலை. நட்டத்தை ஈடுகட்டத் தரும் பணத்துக்குப் பெயர் ‘நிலைப்பு இடைவெளி நிதி’. மூன்று ஆண்டு தருவார்கள், அதற்குள் இடைவெளி தானாக மூடிவிடும் என்பது ஐதீகம். மாநிலங்களின் பங்கு 20 சதவீதம், நம்மைப் போன்ற யூனியன் பிரதேசங்களுக்கு 10. மூன்றாம் ஆண்டு முடியும்போது என்ன நடக்கிறது? மானியம் நிற்கிறது. முதல் ஆண்டில் சேர்ந்த துணை பைலட் கேப்டன் தகுதியை எட்டி, விலைபோகத் தயாராக நிற்கிறான். இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுகின்றன.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை இதைப் பூசிமெழுகாமல் சொல்கிறது. உடான் மூன்றாம் சுற்றுவரை கொடுத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டு முழுதாக ஓடியவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. கொடுத்ததில் நூற்றுக்கு ஏழு. விழா மேடையில் பச்சைக்கொடி காட்டிய படங்கள் மட்டும் எண்ணிக்கையில் குறையவில்லை.

பாண்டியின் கதையை இந்தக் கண்ணோடு படியுங்கள். 2013இல் ஸ்பைஸ்ஜெட் வந்தது, 2014இல் போனது. 2015இல் அலையன்ஸ் ஏர் வந்து அதே ஆண்டில் நின்றது. 2017 ஆகஸ்டில் உடானில் ஸ்பைஸ்ஜெட் மறுபடி. கொரோனாவில் நின்று 2022இல் தொடர்ந்து 2024 மார்ச்சில் முடிந்தது. அந்த டிசம்பரில் இண்டிகோ வந்தது. ஒவ்வொரு முறையும் ‘பயணிகள் இல்லை’ என்று எழுதிவிட்டு நாமும் நகர்ந்துவிட்டோம். பயணிகள் குறைவு உண்மைதான். ஆனால் கேப்டன் பற்றாக்குறை இருக்கும்போது முதலில் கைவிடப்படுவது இதுபோன்ற வழித்தடம்தான். மேலே சொன்ன மறைமுகத் தொடர்பு இதுவே: ஏர்பஸ் பக்கம் ஆள் குறையும்போதெல்லாம் ஏடிஆரில் இருப்பவர்களுக்கு மேலே ஏற வழி திறக்கிறது.

அமெரிக்காவில் பெரிய நிறுவனத்துக்கும் சின்ன நிறுவனத்துக்கும் உள்ள உறவு வேறு விதம். அங்கே பெரிய நிறுவனம் டிக்கெட் விற்கும், சின்ன நிறுவனம் அதன் பெயரையும் வண்ணத்தையும் பூசிக்கொண்டு ஓட்டும். தங்கள் வேலை சின்ன நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாது என்று பெரிய நிறுவனத்தின் பைலட் சங்கம் ஒப்பந்தத்திலேயே வரம்பு கட்டிவைத்திருக்கிறது: 76 இருக்கைக்கு மேலோ, குறிப்பிட்ட எடைக்கு மேலோ உள்ள விமானத்தைச் சின்னவர்கள் ஓட்டக் கூடாது. அந்த எடையைத் தாண்டியது ஜப்பானின் மிட்சுபிஷி வடிவமைத்த ஜெட் விமானத்துக்குப் பெரிய முட்டுக்கட்டையானது. 2023இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். எழுபது இருக்கை விமானத்தில் இருபதைப் பிடுங்கி, ஐம்பதாக ஓட்டும் வேடிக்கையும் உண்டு. விமானம் எத்தனை கிலோ என்பதைச் சங்கத்தின் ஒப்பந்தம் முடிவு செய்கிறது!

இதன் மறுபக்கம் கொடூரமானது. 2009 பிப்ரவரி 12 அன்று, பஃபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் வீட்டின்மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் எனும் சின்ன நிறுவனம். துணை பைலட் முந்தைய இரவு முழுக்க நாட்டின் மறுகோடியிலிருந்து சரக்கு விமானத்தில் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். பைலட்டின் ஓய்வு பற்றிய விதிகள் அங்கே கடுமையானதற்கு அந்த விபத்து முக்கியக் காரணம். நம் ஊரில் அதுபோன்ற விதிகளைத்தான் ‘பயணிகள் நலன்’ கருதித் தளர்த்தினோம்.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக:

சேலத்தில் மட்டும் எப்படி ஓடுகிறது? 2018இல் ட்ரூஜெட் தொடங்கி 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது. ட்ரூஜெட் இப்போது இல்லை.

அரசே நடத்தலாமே? ஏர் இந்தியாவை விற்றபோது அலையன்ஸ் ஏரை அரசு கையிலேயே வைத்துக்கொண்டது. பாண்டியில் அது ஓடிய காலம் எவ்வளவு என்று மேலே பாருங்கள்.

வெளிநாட்டு பைலட்டை எடுக்கலாமா? தற்காலிக அனுமதியோடு எடுக்கலாம், பாண்டி–பெங்களூரு கட்டணத்தில் கட்டுப்படியாகாது.

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வர விமானம் உண்டா? திருச்சியில் இறங்கி பஸ் ஏறுங்கள்.

மகனை பைலட்டுக்குப் படிக்கவைக்கலாமா? வையுங்கள், பாண்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள்.

விமானம் ரத்தானால் என்ன கிடைக்கும்? 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லாமல் நிறுவனத்தின் தவறால் ரத்தானால், டிக்கெட் பணம் போக, பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காதவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. நம் ஊரில் முக்கால்வாசி டிக்கெட்டில் ஏஜென்ட் தன் செல் நம்பரைத்தான் போடுகிறார். உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள்.