மழைக்குச் சலாகை, உப்புக்குக் கோடு

தீவகத்துக் கிராமங்களில் குடிநீரைப் பற்றிக் கூட்டம் கூடும்போதெல்லாம், மாதாந்த மழைவீழ்ச்சியையும் கிணற்றுநீரின் உவர்த்தன்மையையும் ஒன்றாக அடக்கிய வரைபொன்று சுவரிலே காட்டப்படுவதும், அதை உற்றுநோக்கிய சனங்கள் ஒன்றும் விளங்காமலே தலையசைத்துவிட்டு வீடு திரும்புவதும் வழக்கமாகிவிட்டன. வரைந்த உத்தியோகத்தரோ கணினி தந்த படத்தை அப்படியே ஒட்டிவைத்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறார். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் எந்தக் கிணற்றை நம்பிக் குடிப்பது, எந்த மாதத்திலிருந்து பவுசர் நீரைக் கேட்பது என்னும் தீர்மானங்கள் இத்தகைய படங்களையே ஆதாரமாகக் கொள்ளும்போது, இந்த அலட்சியத்தை அற்ப விஷயமென்று விட்டுவிடுதல் தகாது.

சுண்ணாம்புக்கல் தரையுடைய இத்தீவுகளில் மழைநீர் நிலத்துள் இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை அதை நிரப்ப, நீண்ட கோடையிலே அது மெலிந்து உப்பு மேலேறுகிறது. மாதந்தோறும் பெய்து முடிகிற மழைக்குச் சலாகையும், மாதத்திலிருந்து மாதத்துக்குத் தொடர்ந்து ஏறியிறங்கும் உப்புக்குக் கோடும் பொருந்துவதால், இவ்விரண்டையும் சேர்த்து வரைவது நல்ல முறையே. கெடுவது முறையன்று, பிரயோகம்.

முதற்பிழை, வெவ்வேறு அலகுடைய இரண்டை ஒரே அச்சில் ஏற்றுவது. மழை மில்லிமீற்றரில் நூற்றுக்கணக்காக வரும், நீரின் அமிலகாரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானமோ ஏழு, எட்டு என்ற அளவிலே நிற்கும். இரண்டும் ஓரச்சில் வந்தால் பீ.எச். கோடு தரையோடு படுத்துவிட, நீரில் மாற்றமே இல்லையென்ற பிரமை உண்டாகும். இரண்டாம் பிழை, அளக்காத மாதத்தின் கலத்தில் பூச்சியத்தையோ ‘இல்லை’ என்ற சொல்லையோ இடுவது. எக்செல் சொல்லையும் பூச்சியமாகவே வரையுமாதலால், அம்மாதத்தில் உப்பே இருக்கவில்லையென்று படம் பொய்யுரைக்கும். அக்கலத்தை வெறுமையாக விடுங்கள். மூன்றாம் பிழை, கிராமங்களின் பெயர்களை வரிசையாக வைத்து அவற்றைக் கோட்டால் இணைப்பது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே ஏறியிறங்க எதுவுமில்லை, அங்கே சலாகையே தகும்.

இனித் திருத்தும் வழியைக் கிரமமாகச் சொல்கிறேன். விரிதாளின் முதல் நிரலில் மாதத்தையும், இரண்டாவதில் மழையையும், மூன்றாவதில் உப்பைக் காட்டும் குளோரைட்டு அளவையும் இடுங்கள். நான்காவதில் 250 என்னும் எண்ணை ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே திரும்பத் திரும்ப எழுதுங்கள், எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரநியமம் குடிநீரில் லீற்றருக்கு அனுமதிக்கும் குளோரைட்டின் உச்ச மில்லிகிராம் அளவு அது. மாதத்துக்குப் பதிலாக ஆண்டுகளை இடுவோர் அந்நிரலின் தலைக்கலத்தை வெறுமையாக விடவேண்டும். விடாவிட்டால் ஆண்டும் ஓர் அளவாக எண்ணப்பட்டு வரையப்படக்கூடும்.

அட்டவணை முழுவதையும் தெரிவுசெய்து, எக்செல் 2013 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பாயின், ‘இன்சேர்ட்’ பகுதியில் ‘றெக்கமெண்டட் சார்ட்ஸ்’ என்பதைத் திறந்து, ‘ஓல் சார்ட்ஸ்’ என்பதன்கீழ் ‘கொம்போ’வைத் தெரிவுசெய்யுங்கள். மழைக்குக் ‘கிளஸ்டர்ட் கொலம்’, மற்ற இரண்டுக்கும் ‘லைன்’. அவ்விரண்டுக்கும் எதிரேயுள்ள ‘செகண்டரி அக்சிஸ்’ பெட்டியில் அடையாளமிடுங்கள். குளோரைட்டும் 250 எல்லைக்கோடும் ஒரே அச்சில் இருந்தாலொழிய எல்லையைத் தாண்டியது புலப்படாது. இலவசமான லிப்ரே ஒஃபிஸ் கல்க்கில் ‘கொலம் அண்ட் லைன்’ என்ற வகையை எடுத்து, கோடுகளின் தொகை 2 எனக் குறித்து, பின்னர் ஒவ்வொரு கோட்டையும் இரண்டாம் அச்சுக்கு மாற்றவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் இரு அச்சுகளுக்கும் அலகு எழுதுங்கள். எழுதாத வரைபு வரையாத வரைபுக்குச் சமம். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சலாகையின் அச்சு பூச்சியத்திலிருந்தே தொடங்கவேண்டும். இரண்டாம் அச்சின் எல்லைகளை நீட்டியும் குறுக்கியும் இல்லாத உறவை இருப்பதாகக் காட்டலாகுமாதலால், சந்தேகமுள்ள இடத்தில் மழையை மேலும் உப்பைக் கீழுமாக, மாதங்கள் நேருக்கு நேர் நிற்க, இரண்டு தனி வரைபுகளாக வரைவதே நேர்மை.

வரைபின் பின்னுள்ள அட்டவணையைக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, அத்தரவை வைத்திருக்கும் பிரதேச செயலகத்தின் அல்லது பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஊர்காவற்றுறையார் தீவகம் வடக்கையும், நயினாதீவார் வேலணையிலுள்ள தீவகம் தெற்கையும், நெடுந்தீவார் தங்கள் செயலகத்தையும் நாடலாம். காரணம் கூறத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்டால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். கிணற்றின் இடம், அளந்த திகதி, அலகு ஆகியவற்றோடு விரிதாள் வடிவிலேயே தரும்படி கேளுங்கள். கேட்ட வடிவில் கொடுப்பதே சட்டத்தின் பொதுவிதி. 14 வேலைநாட்களுள் முடிவு தெரிவிக்கப்படவேண்டும். மறுத்தால் 14 நாட்களுள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் பயனில்லையேல் இரண்டு மாதங்களுள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தின் பிரதியையும் கையளித்ததற்கான பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்; அவையின்றி மேன்முறையீட்டிலே திகதியை நிரூபிப்பது கடினம்.

கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளையாவது எழுப்புங்கள்: இது எந்தக் கிணறு, இடப்பக்க அச்சின் அலகு என்ன, வலப்பக்க அச்சின் அலகு என்ன? விடை கிடைக்காத வரைபை ஆதாரமாகக் கொண்டு எந்தத் தீர்மானத்துக்கும் கையொப்பமிடாதீர்கள்.