பர்ஸும் உடம்பும் ஒழுகுறது ஒரே ஓட்டைலதான்: ஒரு ஹாஸ்டல் பையனோட யுபிஐ கணக்கு



மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா பையன் போன் பண்ணான். கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம். "மாமா, ஒரு ரெண்டாயிரம் அனுப்ப முடியுமா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஆடிட்டர் மாமாகிட்ட பணம் சும்மா கிடைக்குமா? "அனுப்புறேன்டா. மொதல்ல போன மாச யுபிஐ ஹிஸ்டரிய அனுப்பு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரீன்ஷாட்டா வந்து விழுந்துச்சு.

ஸ்டேட்மென்ட்ல எல்லாரும் தொகையத்தான் பார்ப்போம். அன்னைக்கு என் கண்ணு நேரத்து மேல போச்சு. இரவு 11.52, சிக்கன் ஃபிரைட் ரைஸ். மறுநாள் காலை 10.40, முட்டை பப்ஸும் டீயும். மாலை 5.30, எனர்ஜி டிரிங்க். மறுபடி இரவு 12.20, பரோட்டா. நான் கேட்டது பணக் கணக்கு. கைக்கு வந்தது அவனோட தூக்கக் கணக்கு.

அந்த மாசத்துச் சாப்பாட்டுச் செலவு

- இரவு 10 மணிக்கு மேல வந்த ஆர்டர் 14: 3,280 ரூபாய்
- காலை 10.30 மணிக்கு மேல கேன்டீன், 21 தடவை: 840 ரூபாய்
- எனர்ஜி டிரிங்க் 10: 600 ரூபாய்
- மத்தது: 400 ரூபாய்
- மொத்தம்: 5,120 ரூபாய்

இதுல கொடுமை என்னன்னா, மெஸ் ஃபீஸ் மாசம் 4,500 ரூபாய் ஏற்கனவே கட்டியாச்சு. ஒரே வயித்துக்கு ரெண்டு பில். ஆபீஸ் கணக்குல இப்படி வந்தா டபுள் பேமென்ட்னு சிவப்பு மையில சுழிச்சிருப்பேன்.

"ஏன்டா, மெஸ் சாப்பாடு நல்லா இல்லையா?"ன்னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு மாமா. டிபன் 9 மணிக்கே முடிஞ்சிடும். நான் எந்திரிக்கும்போது 8.50 ஆயிடும்."

விஷயம் இங்கதான் இருக்கு. அவனுக்குச் சாப்பாட்டுப் பிரச்சனையும் இல்ல, பணப் பிரச்சனையும் இல்ல. படுக்குற நேரம்தான் பிரச்சனை. ராத்திரி 2 மணிக்குப் படுத்தா டிபன் போயிடும். பசிக்கு பப்ஸ். மதியம் வகுப்புல கண்ணு சொக்கும். அதுக்கு எனர்ஜி டிரிங்க். அதனால ராத்திரி தூக்கம் வராது. மெஸ்ல 7.45க்குச் சாப்பிட்டது 12 மணி வரைக்கும் தாங்குமா? தாங்காது. ஆப்பைத் திறப்பான். 140 ரூபாய் அயிட்டம், டெலிவரி, பேக்கிங் எல்லாம் சேர்ந்து 230ல வந்து நிக்கும்.

அந்த எனர்ஜி டிரிங்க்கையும் ஒரு கணக்கு போட்டுடலாம். 250 மில்லி கேன்ல சுமார் 75 மில்லிகிராம் கஃபீன். உள்ள போன கஃபீன் பாதியாக் குறையவே சராசரியா 5 மணி நேரம் ஆகும். மாலை 5.30க்குக் குடிச்சா, ராத்திரி 10.30க்கும் பாதி உள்ளதான் இருக்கு. கூடவே பல பிராண்டுகள்ல ஒரு கேனுக்கு 25 கிராமுக்கு மேல சர்க்கரை. ஒரு நாள் முழுசுக்கும் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

18 முதல் 25 வயசு வரைக்கும் 7லிருந்து 9 மணி நேரத் தூக்கம் வேணும். படிச்சது மூளைல பதியிற வேலை பெரும்பாலும் தூக்கத்துலதான் நடக்குது. விடிய விடிய படிக்கிறவன் பில் எழுதுறான், ஆனா புக்ல என்ட்ரி போடுறதில்ல.

என் கதையும் இதுதான்

இத அட்வைஸா சொல்ல எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. சிஏ ஃபைனல் எழுதுறப்போ பகல்ல ஆர்ட்டிகிள்ஷிப், ராத்திரி படிப்பு. கடைசி பத்து நாள் தினமும் மூணு, நாலு மணி நேரம்தான் தூக்கம். ஒரு பேப்பர்ல கேட்டது ஒண்ணு, நான் பக்கம் பக்கமா எழுதிட்டு வந்தது வேற ஒண்ணு. ஒவ்வொரு பேப்பர்லயும் 40 எடுக்கணும். எனக்கு வந்தது 37. குரூப்பே போச்சு. தூக்கம் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா கேள்வியையே தப்பாப் படிச்சது படிப்புக் குறைவு இல்லயே!

அடுத்த அட்டெம்ப்ட் ஆறு மாசம் கழிச்சு. பாஸானதும் கிடைச்ச முதல் சம்பளம் மாசம் 50,000. அப்போ அந்த 3 மார்க்கோட விலை 3 லட்சம்.

அதோட முடியல. 31 வயசுல ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கப் போனேன். மெடிக்கல் டெஸ்ட்ல மூணு மாச சராசரிச் சர்க்கரை 6.1ன்னு வந்துச்சு. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோயோட வாசப்படி. பிரீமியம் 14,000, என் உடம்பு லட்சணத்துக்கு லோடிங் 20 சதவீதம் சேர்த்து 16,800. அப்பாவுக்கும் சர்க்கரை இருக்கு, அதுவும் ஒரு காரணம்தான். ஆனா மாத்த முடிஞ்சது என் பழக்கம் மட்டும்தான்.

நான் தனி ஆள் இல்ல. 2023ல வந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி நம்ம நாட்டுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் என்னை மாதிரி வாசப்படில நிக்கிறாங்க.

வழக்கமா இந்த இடத்துல "இந்தக் காச எஸ்ஐபில போட்டா 20 வருஷத்துல எவ்வளவு?"ன்னு கணக்கு போடுவேன். இந்தத் தடவை போடல. உடம்புல விழுற நஷ்டம் அதவிடப் பெருசு.

நாங்க போட்ட ஒப்பந்தம்

ரெண்டாயிரம் அனுப்பினேன், நாலு கண்டிஷனோட.

1. படுக்குற நேரத்த மாத்த முடியலன்னா, எந்திரிக்கிற நேரத்த மாத்து. தினமும் 7.30க்கு எழுந்து 8 மணிக்கு மெஸ்ல இருக்கணும். ஒரு வாரம் கஷ்டமா இருக்கும். அப்புறம் ராத்திரி தூக்கம் தானா வரும்.

2. மதியம் 2 மணிக்கு மேல காபி, எனர்ஜி டிரிங்க் கிடையாது.

3. ரூம்ல வறுத்த வேர்க்கடலையும் வாழைப்பழமும் இருக்கணும். ராத்திரி பசிச்சா அதுதான். ஒரு கைப்பிடி, 30 கிராம் கடலைல சுமார் 7 கிராம் புரதம், ஒரு முட்டைக்குச் சமம். டெலிவரி சார்ஜ் கிடையாது!

4. ஜிம் வேண்டாம். ஆறு மாசத்துக்கு 5,400 கட்டிட்டு 11 நாள்தான் போயிருக்கான், அதாவது ஒரு நாளைக்கு 491 ரூபாய். அதுக்குப் பதிலா ஹாஸ்டல்ல இருந்து டிபார்ட்மென்டுக்கு ஃபிரெண்டு பைக்ல தொத்தாம வேகமா நட. போக 15 நிமிஷம், வர 15 நிமிஷம். வாரத்துல 5 நாள்னா 150 நிமிஷம். பெரியவங்களுக்குக் குறைஞ்சபட்சம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதேதான். அதோட ரூம்லயே வாரம் ரெண்டு நாள் தண்டால், பஸ்கி.

முதல் வாரம் மூணு நாள் தூங்கிட்டான். நான் திட்டல. விட்ட இடத்துல இருந்து பிடின்னேன். போன மாசக் கணக்கு வந்துச்சு: 10 மணிக்கு மேல 5 ஆர்டர், 1,150 ரூபாய். எனர்ஜி டிரிங்க் 2. வெள்ளி, சனி ராத்திரி மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேக்குறதில்ல. பரவாயில்ல, அந்த வயசு அப்படித்தான். ஆனா ஒண்ணு சொன்னான்: "மாமா, முதல் பீரியட்ல என்ன நடத்துறாங்கன்னு இப்பத்தான் தெரியுது."

படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. உடம்பு நல்லா இருக்கும்போதே ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துடுங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க. தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22லிருந்து ஜிஎஸ்டியும் இல்ல.

இப்போ உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். யுபிஐ ஆப்பைத் திறந்து, போன மாசம் ராத்திரி 10 மணிக்கு மேல எவ்வளவு போயிருக்குன்னு கூட்டிப் பாருங்க. தொகைய மட்டும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல அத வெச்சே பேசுவோம். இத நான் எழுதி முடிக்கும்போது மணி 9.40. நானும் படுக்கப் போறேன்!