இரண்டு காது போதும்

“மாமா, இந்த ஹெட்செட்டுல 7.1 சரவுண்டுன்னு போட்டிருக்கான். 50 எம்எம் டிரைவர். லைட்டு வேற எரியுதாம். 1,499 ரூபாதான். போட்டுடட்டுமா?”

விரலை ஆர்டர் பொத்தான் மேல் வைத்துக்கொண்டுதான் கேட்டான் அக்கா மகன். செட்டிக்கரையில் பொறியியல் படிக்கிறான். சனிக்கிழமைகளில் பென்னாகரம் பக்கம் ஊருக்குப் போகும்போது, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் சர்வீஸ் கடைக்கு வந்து, பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுவான். போனில் பிஜிஎம்ஐ, லேப்டாப்பில் வேலரண்ட் விளையாடுவான். அந்த 1,499 ரூபாய் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணம். சட்டென்று தலையாட்ட எனக்கு மனசு வரவில்லை. “டீ வரட்டும், உட்காரு மாப்ள” என்றேன்.

அவன் தாத்தாவிடமிருந்து தொடங்கினேன். காட்டோரக் கொல்லைகளில் ராகி கதிர் முற்றும் நாட்களில் ராத்திரி பரண் மேல்தான் காவல். யானையும் வரும், பன்றியும் வரும். அந்த இருட்டில் கண் எதற்கும் உதவாது. எங்கோ ஒரு சுள்ளி முறியும். தாத்தா டார்ச்சைத் திருப்புவார். சரியாக அந்த இடத்தில் பன்றி நிற்கும்.

“தாத்தாகிட்ட எத்தனை ஸ்பீக்கர்டா இருந்துச்சு?”

“ரெண்டு காது.”

“அவ்வளவுதான் உனக்கும் வேணும்.”

வலப்பக்கத்துச் சத்தம் முதலில் வலக் காதைத் தொடும். தலையைச் சுற்றி இடக் காதுக்குப் போய்ச் சேர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை, மிஞ்சிப்போனால் 0.6, 0.7 மில்லி நொடி. அந்தத் துளி இடைவெளியை மூளை பிடித்துவிடும். சத்தம் கீச்சென்று இருந்தால் தலையே அதற்குக் குறுக்கே நின்று மறைக்கும், இடக் காதுக்குக் கொஞ்சம் குறைவாகவே போகும். அதுவும் மூளைக்கு ஒரு தடயம். இந்த இரண்டையும் சேர்த்து 1907இல் விளக்கி எழுதியவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. அதற்கு மூன்று வருஷம் முன்பு இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். நேர் முன்னால் வரும் சத்தமும் நேர் பின்னால் வரும் சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் எட்டுவதால் அங்கேதான் குழப்பம் வரும். காது மடலின் மடிப்புகள் சத்தத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்து உதவும். அதுவும் போதாதபோது தலையை லேசாகத் திருப்பிப் பார்ப்போம். பரண் மேல் தாத்தா செய்ததும் அதுதான்.

விளையாட்டு இந்தக் கணக்கையெல்லாம் தானே போட்டு, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று என்று இரண்டு சத்தமாகத்தான் அனுப்புகிறது. வந்ததைக் கெடுக்காமல் காதில் சேர்ப்பது மட்டுமே ஹெட்செட்டின் வேலை. நிஜமான 7.1 என்றால் ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். இந்த விலை ஹெட்செட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு டிரைவர், அதாவது ஒரு குட்டி ஸ்பீக்கர்தான் இருக்கும். 7.1 என்பது யுஎஸ்பி முனையில் இருக்கும் சிப்போ, கணினியில் ஏற்றும் மென்பொருளோ செய்கிற வேலை. அதே வேலையை விண்டோஸ் சோனிக் 2017 முதல் விண்டோஸ் 10இல் இலவசமாகவே செய்கிறது. வேலரண்டுக்குள்ளும் எச்ஆர்டிஎஃப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எதையாவது ஒன்றைத்தான் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால், காலடி எங்கிருந்தோ வருகிறது என்ற அளவுக்குத் திசை கலங்கிப்போகும்.

அப்போதுதான் அவன் ஒன்று சொன்னான். போன பொங்கலுக்குத் தாத்தா காதில் ஹெட்செட்டை மாட்டி விளையாட்டைக் கேட்க வைத்தானாம். தாத்தா சத்தம் வந்த பக்கம் பழக்கத்தில் தலையைத் திருப்பியிருக்கிறார். சத்தமும் கூடவே திரும்பியிருக்கிறது. “ஆளு எங்கூடவே சுத்தறான்டா” என்று கழற்றிக் கொடுத்துவிட்டாராம். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார்! ஹெட்செட் தலையோடு சேர்ந்து திரும்புவதால் தலையைத் திருப்பிப் பயனில்லை. முன்னா பின்னா என்று சந்தேகம் வந்தால், திரைக்குள் இருக்கும் ஆளை ஒரு விரல் அளவு திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆக, பார்க்க வேண்டியது இடமும் வலமும் சமமாக இருக்கிறதா என்பதை. மலிவான ஹெட்செட்டில் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான், பெட்டியில் எங்கும் எழுதாத விஷயமும் இதுதான். போனில் ஒரே ஒருவர் பேசுகிற பதிவைப் போடு, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜே போதும். குரல் மூக்குக்கு நேராக, தலையின் நடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்செட்டை இடம் வலம் மாற்றி மாட்டு. சாய்வும் மறுபக்கம் போனால் கோளாறு ஹெட்செட்டிலோ போனிலோ இருக்கிறது. வேறு ஓர் இயர்போனைச் செருகிப் பார்த்தால் போனின் மேல் பழி இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மாற்றி மாட்டியும் அதே காதுப் பக்கமே சாய்ந்தால் காதை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“அப்போ 50 எம்எம் நல்லது இல்லையா மாமா?”

அளவு பெரிதானதாலேயே சத்தம் துல்லியமாகிவிடாது. 2016இல் வந்த ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கரில் 50 எம்எம், எடை 275 கிராம். ரேசர் கிராக்கன் எக்ஸில் 40 எம்எம், 250 கிராம். இரண்டையும் வைத்து விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அது மனிதக் காதின் எல்லை, அந்த எல்லைக்குள் எது தூக்கலாக வரும், எது அமுங்கும் என்று அதில் தெரியாது. நான் பார்க்கிற எண் ஓம் மட்டும்தான். 16லிருந்து 32 ஓம் வரை இருந்தால் போனே போதுமான சத்தம் கொடுக்கும். பேஸ் அதிரணும் என்று கேட்டு வாங்குகிறார்கள். குண்டு வெடிக்கும்போது அந்த அதிர்வு, காலடி மாதிரி சின்னச் சத்தத்தை விழுங்கிவிடும். சினிமாப் பாட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கினால் விளையாட்டில் தோற்பாய்.

டீ கிளாஸை நகர்த்திவிட்டு, கடையிலிருந்து ஒரு பழைய ஹெட்செட்டின் பின்னை எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். 3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள், அவற்றுக்கு இடையே நான்கு உலோகப் பகுதிகள். முனை இடக் காது, அடுத்தது வலக் காது, மூன்றாவது எர்த், கடைசி மைக். இரண்டே வளையம் இருந்தால் அந்தப் பின்னில் மைக் இல்லை. சில பழைய போன்களில் எர்த்தும் மைக்கும் இடம் மாறி இருக்கும். அதில் செருகினால் பாட்டில் தாளமும் வயலினும் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும், பாடுகிறவர் குரல் காணாமல் போய்விடும். வயரில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வரும். ஹெட்செட் போச்சு என்று தூக்கி வந்த இரண்டு பேருக்கு, ஐம்பது அறுபது ரூபாய் கன்வெர்ட்டர் போட்டு அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் பச்சைக்கும் பிங்க்குக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால் ஸ்பிளிட்டர் வேண்டும். அவன் பார்த்த மாடலில் கூடவே தொங்குகிற யுஎஸ்பி முனை விளக்கு எரிவதற்கு மட்டும்தான். போனில் விளையாடும்போது அது சும்மா ஆடிக்கொண்டிருக்கும். அந்த விளக்குக்கான காசு காது மெத்தையில் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

மைக்குக்கு ஒரே சோதனைதான். ஃபேனை முழு வேகத்தில் வைத்து, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் உதட்டோரமாக இரண்டு விரல் தள்ளி வைத்து, அரை நிமிஷம் பேசிப் பதிவுசெய்து கேட்க வேண்டும். ஃபேன் உன்னைவிட அதிகம் பேசினால் வேண்டாம்.

என் மேசைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் “ஒரு பக்கம் கேக்கல” என்று வருபவைதான். டிரைவர் போயிருப்பது அபூர்வம். வயர் காதுக் கிண்ணத்துக்குள் நுழைகிற கழுத்திலோ, பின்னின் கழுத்திலோ அறுந்திருக்கும். பிரித்தால் உள்ளே முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, மேலே சிவப்பும் பச்சையுமாக வார்னிஷ். சுரண்டித்தான் ஈயம் வைக்க வேண்டும். அந்தக் கழுத்தில் ரப்பர் குழாய் ஒன்று இறுக்கமாக இருக்கிறதா, வளைத்தால் மெதுவாக வளைகிறதா என்று வாங்கும்போதே தொட்டுப் பார்க்க வேண்டும். ரெக்சின் மெத்தை நம் ஊர் சித்திரை வெயிலில் வேர்வை குடித்துக் குடித்து, ஒன்றிரண்டு வருஷத்தில் கறுப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். துணி மெத்தை நல்லது. வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவன் கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பின் மேல் மெத்தை அழுத்தினால் வலி தெரிய இருபது நிமிஷம் ஆகும். ஆன்லைனில் அந்த இருபது நிமிஷம் கிடைக்காது.

“பேசாம புளூடூத்தே வாங்கிடலாமா?”

வேண்டாம். சாதாரண புளூடூத்தில் சத்தம் வந்துசேர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட ஆகலாம். எதிரி கதவைத் தாண்டின பிறகு காலடி கேட்டு என்ன செய்வது? வயரில் அந்தத் தாமதம் இல்லை, சார்ஜும் வேண்டாம். இந்தப் பணத்துக்கு வயர்தான்.

இன்னொரு டீ சொன்னேன். இதை மட்டும் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன், ஏனென்றால் பேச்சு அவன் காதைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை மணி. வாரம் முழுக்க அவ்வளவுதான். காதுக்குள் இருக்கிற மயிர்ச்செல் செத்தால் திரும்ப முளைக்காது. தாத்தா எழுபது வயதிலும் சுள்ளிச் சத்தம் கேட்டார் என்றால், அந்தக் காதுக்குள் யாரும் துப்பாக்கி வெடிக்கவில்லை. காலடி கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவதைவிட, விளையாட்டின் அமைப்பில் பின்னணி இசையை அணைப்பது மேல்.

நானே ஒருமுறை பெட்டியில் இறக்குமதி செய்தவர் முகவரிகூட இல்லாத ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டாவது மாதம் இடப்பக்கம் நின்றது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருஷம், எம்ஆர்பி, புகார் சொல்லும் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011இன் எடையளவு விதி. வாரண்டி மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடலாம்.

அவன் போனை மூடிச் சட்டைப்பையில் வைத்தான். ஆர்டர் போடவில்லை. பெட்டியைப் பிரித்துக் காட்டுகிற ஒரு கடைக்கு இருவரும் நடந்தோம். முதலில் எடுத்ததில் அக்காவின் வாய்ஸ் மெசேஜைப் போட்டான். “வலப்பக்கம் சாயுது மாமா” என்றான். மாற்றி மாட்டினான், இடப்பக்கம் சாய்ந்தது. அதே மாடலில் இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னோம். அதில் அக்கா நடுவில் நின்று பேசினாள். கண்ணாடியோடு இருபது நிமிஷம் மாட்டி உட்கார்ந்தான், பென்னாகரம் பஸ் ஒன்று போய்விட்டது. விளக்கு இல்லாத மாடல், 1,250 ரூபாய்.

வழவழப்பான அந்தப் பில் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும் என்றேன். அடுத்த பஸ் வருவதற்குள் படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பிவிட்டான்.