ஆர்ட்ஸ்தானே என்று கையெழுத்துப் போடாதீர்கள்!

மூன்றாம் படிவம் முடியும் தறுவாயில் பிள்ளை ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டும். நாலாம் படிவத்தில் என்னென்ன பாடங்கள் எடுப்பது என்று கேட்கும் பாரம் அது. மலாய் மொழியில் இருக்கும். அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கும். நாளெல்லாம் குலை வெட்டிக் களைத்து வந்த தகப்பன் அந்தக் கோட்டை மட்டும்தான் பார்ப்பார். "எங்கடா போடணும்?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டாண்டுப் படிப்பு அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நாம் பெற்றோர்களிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பதுண்டு. "சயன்ஸ் கெடைக்கலீங்க, ஆர்ட்ஸ்தான்" என்பார்கள். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதுதான் நம்மை உறுத்துகிறது. பிள்ளையும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். சயன்ஸ் வகுப்பு, ஆர்ட்ஸ் வகுப்பு என்று பிரித்து வைக்கும் பழைய முறை 2020-ஆம் ஆண்டோடு போய்விட்டது. இப்போது நாலாம் படிவத்தில் பாடத் தொகுப்புகள்தாம் உண்டு. 'பேக்கேஜ்' என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றோடு, நம் பிள்ளைகளுக்கு நன்னெறியும் பொதுப் பாடம். இவற்றுக்கு மேல் எதை எடுப்பது என்பதுதான் தொகுப்பு. கணக்கியல், வணிகம், பொருளியல் ஆகிய மூன்றும் ஒரு பக்கம். புவியியல், இலக்கியம் போன்றவை இன்னொரு பக்கம். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எஸ்.பி.எம். தேர்வுப் பாடங்களே என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆனால் எல்லாப் பள்ளியிலும் எல்லாத் தொகுப்பும் கிடைக்காது. ஆசிரியர் இருந்தால்தான் பாடம் இருக்கும். ஒரு பள்ளியில் கணக்கியல் இருக்கும், பொருளியல் இருக்காது. பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது. போட்ட பிறகு கேட்டு என்ன பயன்?

இந்தப் பாடங்களால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, ஜொகூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். தகப்பன் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை. மகன் நாலாம் படிவம். எல்லாரும் 'ஆர்ட்ஸ்தான்' என்று சொன்ன பையன். கணக்கியல் வகுப்பில் பில், ரசீது, இன்வாய்ஸ் பற்றிய பாடம் வந்தது. வீட்டில் இருக்கும் பழைய சீட்டுகளைக் கொண்டுவாருங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். பையன் அம்மாவிடம் கேட்டான். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தார். அதில் மின்சார பில், மோட்டார் சைக்கிள் தவணைச் சீட்டு, அப்பாவின் சம்பளச் சீட்டு எல்லாம் கிடந்தன. சேமநிதி வாரியத்தின் கணக்கறிக்கையும் இருந்தது.

பையன் ராத்திரி உட்கார்ந்து ஒன்றையொன்று ஒட்டிப் பார்த்திருக்கிறான். 1,700 வெள்ளி சம்பளத்தில் மாதா மாதம் 187 வெள்ளி சேமநிதிக்குப் பிடித்தம் ஆகியிருந்தது. நூற்றுக்குப் பதினொன்று, சரிதான். முதலாளி தம் பங்காக நூற்றுக்குப் பதின்மூன்று, அதாவது 221 வெள்ளி போட வேண்டும். ஆக மாதம் 408 வெள்ளி கணக்கில் ஏறியிருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு ஒரு காசுகூட ஏறவில்லை. 1,632 வெள்ளி!

"பதினஞ்சு வருசமா சீட்ட வாங்குறேன், டின்னுல போடுறேன். ஒரு நாளும் படிச்சுப் பாத்ததில்லீங்க" என்றார் அந்தத் தகப்பன் நம்மிடம். பையன் சீட்டுகளை அடுக்கி, ஒரு தாளில் இந்தப் பக்கம் பிடித்தது, அந்தப் பக்கம் கட்டியது என்று எழுதிக் கொடுத்தான். இருவரும் அதை எடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்குப் போனார்கள். இரண்டு மூன்று முறை அலைந்தார்கள். காசு வந்து சேர்ந்தது.

ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும் என்பது சட்டம். கட்டினாரா என்பதைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். உங்கள் வீட்டு டின்னையும் ஒரு முறை திறந்து பாருங்களேன்.

பற்று, வரவு என்ற சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. தோட்டத்துக் கடையில் அரிசிக்கும் கருவாட்டுக்கும் பற்று எழுதியே நம் தாத்தாமார் வாழ்ந்தார்கள். எழுதியது கடைக்காரர், கட்டியது நாம். நடுவில் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? அதே பற்று வரவைத்தான் பிள்ளைகள் 'டெபிட்', 'கிரெடிட்' என்று மலாயில் படிக்கிறார்கள். கூட்டுச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு தொழிலாக நடத்தக் கூடாது என்று 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றும் அதில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு அழுகிறவர்கள் நம் மத்தியில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பொருளியலும் வரலாறும் இன்னும் நெருக்கம். 1877-இல் கோலக்கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளைப் பற்றிப் பிள்ளை படிக்கும்போது, அது நம் வீட்டுக் கதை என்று யாராவது சொல்லிக்கொடுக்கிறோமா? முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை சரிந்தது. 1922-இல் வெள்ளைக்காரன் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகும் ரப்பரைக் குறைத்தான். சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்ற கணக்கு. விலை ஏறியது. ஆனால் டச்சுக்காரன் ஆண்ட இந்தோனேசியத் தீவுகள் அதில் சேரவில்லை. அங்கே ரப்பர் பெருகியது. 1928-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். கூலி வெட்டப்பட்டது. பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கையில் உளியோடு காலையில் பெரட்டுக்கு நின்ற மனிதனுக்குத் தன்னை ஏன் அனுப்புகிறார்கள் என்று தெரியாது. அவருடைய கொள்ளுப்பேத்தி பொருளியல் புத்தகத்தில் 'தேவை', 'அளிப்பு' என்ற பாடத்தைப் புரட்டினால் காரணம் தெரிந்துவிடும். இதையா 'ஆர்ட்ஸ்தான்' என்பது?

இது சுலபமான படிப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். கணக்கியல் என்பது தினமும் கைப்பழக்கம். ஒரு வாரம் விட்டால் அடுத்த பாடம் விளங்காது. கணிதத்தைக் கைவிட்டவனுக்கு மெட்ரிகுலேசன் கணக்கியல் பிரிவு எட்டாது. வரலாற்றிலும் கவனம் வேண்டும். 2013 முதல் மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்கும்.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு வழி இல்லை என்று யார் சொன்னது? ஆறாம் படிவத்தை நம்மவர்கள் ஏனோ இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அரசாங்கப் பள்ளியிலேயே ஒன்றரை ஆண்டு படித்து, பொருளியல், வணிகவியல், கணக்கியல், வரலாறு, தமிழ் என்று எடுத்து எஸ்.டி.பி.எம். எழுதலாம். தனியார் கல்லூரிக்கு நகையை அடகு வைத்துக் கட்டும் காசு இதற்குத் தேவையில்லை. பாலிடெக்னிக்குகளில் கணக்கியல் டிப்ளோமா இருக்கிறது. கணக்காய்வாளராகப் பேர் போட வேண்டுமானால் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியக் கணக்காய்வாளர் கழகத்தில் பதிந்தாக வேண்டும். அது நீண்ட பாதைதான். ஆனால் அதற்கும் முதல் படி அந்த மூன்றாம் படிவத்துப் பாரத்தில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்க வேண்டுமானால் ஒரு நாள் வேலை போகுமே என்பீர்கள். 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்கு ஏறக்குறைய 65 வெள்ளி அது. நாம் அதைச் சிறிய தொகை என்று சொல்ல மாட்டோம். நாலு பெற்றோர் சேர்ந்து, ஒருவரை அனுப்பிக் கேட்டு வரலாம். முடியாதவர்கள் அதே தோட்டத்தில் படித்து முடித்த ஒரு பிள்ளையை உட்காரவைத்து, பாரத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லலாம்.

அந்த ஜொகூர்த் தகப்பனுக்கு மூன்றாம் படிவத்தில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுடைய பாரம் வந்தபோது அவர் லீவு போட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "டீச்சர், இந்தப் பேக்கேஜ்ல பெராகாவுனான் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.