பந்தில் விழும் பள்ளம்

கபடியில் கை சிக்கி இழுபட்டதும் "தோள்பட்டை இறங்கிடுச்சு" என்று கூச்சல் எழும். யாராவது மூட்டை ஏற்றிவிடுவார்கள், வலி சட்டென்று தணியும், ஆளும் வீடு போய்ச் சேர்வார். எலும்புக்கு என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

உடம்பில் மிக அதிகமாகச் சுழலும் மூட்டு தோள்தான். மேற்கை எலும்பின் தலை பெரிய பந்து. அதைத் தாங்கும் குழியோ சிறியது, ஆழமில்லாதது. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடுவோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். மிச்சப் பாதுகாப்பெல்லாம் தசைகளும் தசைநார்களும் தருவது.

பந்து பெரும்பாலும் முன்பக்கமாகவே நழுவும். அப்போது அதன் பின்புறம் குழியின் முன்விளிம்பில் போய் இடிக்கும். விளிம்பு கெட்டி எலும்பு. பந்தோ மெல்லிய ஓட்டுக்குள் நுண்துளைகள் நிறைந்தது. கெட்டியானது மெத்தென்றதை அமுக்க, பந்தில் பள்ளம் விழுகிறது. 1940இல் இதை எக்ஸ்ரே படங்களோடு விளக்கிய அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் ஹில், சாக்ஸ் இருவரின் பெயரே அதற்கு நிலைத்தது. கையை உள்பக்கம் திருப்பி வைத்து எடுத்தால்தான் ஹில்-சாக்ஸ் பள்ளம் தெளிவாகத் தெரியும். இல்லையென்றால் அது படத்தில் ஒளிந்துகொள்ளும்.

இடித்த விளிம்பும் சும்மா தப்புவதில்லை. அதைச் சுற்றியுள்ள குருத்து வளையம் கிழியும். சில நேரம் எலும்புச் சில்லும் பெயரும். இது பாங்கார்ட் காயம். மறுபடி மறுபடி நழுவுவதற்கு இந்தக் கிழிசலே காரணம் என்று 1923இல் வாதிட்டவர் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பாங்கார்ட்.

விபரீதம் இனிமேல்தான். கையை உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பும்போது, பெரிய பள்ளம் தேய்ந்த விளிம்பில் மாட்டிக்கொண்டு பந்தை வெளியே நெம்பிவிடும். ஒவ்வொரு நழுவலும் பள்ளத்தை ஆழமாக்கும், விளிம்பைக் குறைக்கும். பிறகு தூக்கத்தில் புரண்டாலே போதும். பிரெஞ்சு மருத்துவர் லடார்ஜே 1954இல் சொன்ன வழி எனக்கு இன்றும் வியப்பு: தோள்பட்டை எலும்பின் முன்நீட்சியைத் தசைநாரோடு வெட்டியெடுத்து, குறைந்துபோன விளிம்பில் திருகாணியால் பொருத்துவது.

வலிப்பிலும் மின்சாரம் தாக்கும்போதும் பந்து பின்பக்கம் நழுவலாம். அப்போது பள்ளம் முன்புறம் விழும். வயதானவர்களுக்குப் பந்தின் ஓரத்து முகடே உடையக்கூடும்.

ஆகவே, இழுத்துவிட வரும் நண்பரைத் தடுங்கள். துண்டைக் கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்றிய பிறகும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மறுபடி நழுவினால் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.