லாபோர்த்: ஒரு வழக்கிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்

தமிழர் பலரின் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. தலைமுறைகளைக் கடந்து வந்த பெயர்க்கூறு என்று தமிழகத்தில் பெரும்பாலும் இருந்தது சாதிப் பட்டமே. அந்தப் பட்டத்தின் இடத்தில் பிரெஞ்சுச் சொல் ஒன்று வந்து அமர்ந்தது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில்தான்.

'லா போர்த்' என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் கதவு, வாயில் என்று பொருள். இடைக்காலப் பிரான்சில் நகரக் கோட்டை வாயிலை ஒட்டிக் குடியிருந்தவர்களை அவ்விடத்தைச் சொல்லி அழைத்த வழக்கமே நாளடைவில் குடும்பப் பெயராக இறுகியது. ஆகவே அந்நாட்டில் அது பலருக்கும் உள்ள சாதாரணப் பெயர். தமிழ் மண்ணில் அரிதாக வழங்கும் லாபோர்த்துக்கோ கோட்டையும் இல்லை, மதிலும் இல்லை. அதன் வேர் ஒரு நீதிமன்ற வழக்கில் இருக்கிறது.

புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றபோது, இந்தியர் அவ்வாறு வரலாகாது என்று தடுக்கப்பட்டார். காலில் கிடந்தது தோல்தான் என்றாலும் தடுக்கப்பட்டது மதிப்பு என்பதை உணர்ந்த அவர், பாரிஸில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1881 செப்டம்பர் 21 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசாணை, பிரெஞ்சிந்தியர் தம் 'தனிநிலைச் சட்டத்தை', அதாவது திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றைச் சாதி, சமய வழக்கப்படி நடத்திக்கொள்ளும் உரிமையை, விரும்பினால் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. அவ்வாறு துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். துறப்பைத் திரும்பப் பெற முடியாது. அது மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. துறப்பவர் வழிவழியாகத் தொடரும் குடும்பப் பெயர் ஒன்றையும் அப்போதே தேர்ந்து அறிவிக்க வேண்டும். இம்முறையில் முன்னோடியான பொன்னுத்தம்பி, பிறருக்கும் வழி திறந்துவிட்டதைக் குறிக்கும் வகையில், கதவு என்னும் பெயரையே தமக்குத் தேர்ந்துகொண்டார். பெயருக்கு உரியவரே அதன் பொருளையும் வகுத்தது குடும்பப் பெயர்களின் வரலாற்றில் எளிதில் காணக்கிடைக்காத ஒன்று.

அந்தக் கதவு வழியே சென்றவர்களில் கிறித்தவர்களும், சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டிருந்தவர்களும் மிகுதி. அவர்களுக்குப் புதுப்பெயர் என்பது பழைய பெயரோடு ஒட்டிவந்த இழிவிலிருந்து கிடைத்த விடுதலையாக இருந்தது. உயர்சாதி இந்துக்களில் பெரும்பாலோர், சண்முகவேலாயுத முதலியாரின் தலைமையில், இதை மரபின் அழிவாகக் கண்டு எதிர்த்தனர். 1884இல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், துறந்தவர், துறவாதவர் என மூன்றாகப் பிரித்ததைப் பார்க்கும்போது, சட்டம் வாக்களித்த சமத்துவம் எவ்வளவு விரைவில் குறுக்கப்பட்டது என்பது விளங்குகிறது.

ஆயினும் பெயர்கள் நிலைத்தன. ரெனோன்சான் குடும்பத்தினர் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் படையிலும் பணிபுரியச் சென்றபோது அப்பெயர்களும் சைகோன் வரை கப்பலேறின. 1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புவோருக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அவ்வாறு தேர்ந்தவர்களின் வழியே, தமிழர் தம் கையால் எழுதிச் சூட்டிக்கொண்ட அப்பெயர்கள் பிரான்சின் பதிவேடுகளிலும் இடம்பெற்றன.